அரசை விரும்பி வந்தவன்: ஸ்ரீவிபீஷணாழ்வான் சரணாகதியில் ஆசையும் அறமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அருப்புக்கோட்டையில் சனிக்கிழமை மாலைகளில் கூடும் எங்கள் சிறு கோஷ்டியில் பெரிய திருமொழி வ்யாக்யானம் வாசித்து வருகிறோம். ஒன்பதாம் பத்தில் திருப்புல்லாணிக்கு உரிய இரண்டு பதிகங்களும் (9-3, 9-4), ஆக இருபது பாசுரங்கள், நிறைவு பெற்றபோது அந்தத் திவ்யதேசத்தை நேரில் ஸேவித்து வருவது என்று முடிவாயிற்று. ஒரு வேன் அமர்த்திக்கொண்டு திருச்சுழி, நரிக்குடி வழியாகக் கிழக்கே புறப்பட்டோம். வழி நெடுகிலும் நீரற்ற கண்மாய்களும் சீமைக் கருவேலங் காடுகளும்தாம். இந்த வறண்ட நாட்டின் கோடியில், கடலுக்கு அருகே, தர்ப்பைப் புல்லின்மேல் சயனித்த திருக்கோலத்தில் சக்கரவர்த்தித் திருமகன் நமக்காகக் காத்திருக்கிறான்.

சேதுக்கரையில் நீராடித் திரும்பும் வழியில், கோஷ்டியில் மிக இளையவரான கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "மாமா, விபீஷணன் செய்தது காட்டிக்கொடுத்ததுதானே? சோறு போட்ட அண்ணனுக்காக உயிரை விட்ட கும்பகர்ணன்தானே பெரியவன்? விபீஷணன் இலங்கை அரசுக்கு ஆசைப்பட்டுத்தானே வந்தான்?"

வேனில் இருந்த பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அடியோமுக்கோ அந்தக் கேள்வி வேறொரு காரணத்தால் உறுத்திற்று. அக்காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறோம். முதலில் கேள்விக்கு நம் பெரியோர் நூல்களில் விடை தேடுவோம்.

கடற்கரையில் நடந்த விசாரணை

ஸ்ரீராமாயணத்தில் யுத்த காண்டத்தின் 17, 18-ஆம் ஸர்க்கங்களை மெதுவாக வாசித்தால், அந்த மாணவரின் ஐயத்தை வால்மீகி முன்பே எழுப்பியிருப்பது தெரியும். விபீஷணன் நான்கு துணைவரோடு வானத்தில் வந்து நிற்கிறான். தான் தீயொழுக்கமுடைய இராவணனின் தம்பி என்பதை மறைக்கவில்லை. மனைவி மக்களையும் விட்டு வந்ததாகச் சொல்லித் தன் வரவை இராகவனுக்கு அறிவிக்குமாறு வானரரையே வேண்டுகிறான். நேரே திருவடியில் விழாமல் அடியாரை முன்னிட்டுப் பற்றினான் என்று நம் ஆசாரியர்கள் இதைக் கொண்டாடுவார்கள்.

பிறகு விசாரணை நடக்கிறது. வ்யாக்யானங்கள் 'மஹாராஜர்' என்று வழங்கும் ஸுக்ரீவன், இவனைக் கொல்ல வேண்டும் என்கிறான். அங்கதன் குண தோஷங்களை எடைபோடச் சொல்கிறான். சரபன் ஒற்றரை அனுப்பி அறியலாம் என்கிறான். காலமல்லாத காலத்தில், இடமல்லாத இடத்தில் வந்தவன் என்று ஜாம்பவான் ஐயுறுகிறான். மைந்தன் இனிய மொழியால் வினவிப் பார்க்கலாம் என்கிறான். கடைசியாகத் திருவடியாகிய ஹனுமான் பேசுகிறான்.

ஹனுமான் விபீஷணனுக்காக வாதாடுகிறவன். இலங்கையில் தூதனைக் கொல்வது முறையன்று என்று சொல்லித் தன் உயிரைக் காத்தவன் இந்த விபீஷணன்தான் என்பது அவன் நேரில் கண்டது. ஆயினும் 'இவனுக்கு ஆசையே இல்லை' என்று அவன் சொல்லவில்லை. வாலி மாண்டதையும் ஸுக்ரீவன் முடி சூடியதையும் கேட்டறிந்து, அவ்வாறே தனக்கும் அரசு கிடைக்கும் என்று எண்ணித்தான் இவன் வந்திருக்கிறான். ஆகையால் ஏற்றுக்கொள்ளலாம் என்பதே அவன் வாதத்தின் கருத்து. சொல்லிலும் முகத்திலும் வஞ்சனை இல்லை என்பது ஒரு காரணம். அரசை விரும்புகிறான் என்பது இன்னொரு காரணம். பெருமாளும் பின்னர், இந்த அரக்கன் அரசை விரும்புகிறவன் என்று தாமே சொல்கிறார்.

ஆகவே மாணவர் சொன்னதில் பிழையில்லை. ஆசை இருந்தது. ஏற்றவரும் அதை அறிந்தே ஏற்றார்.

அதற்குப் பின்னும் மஹாராஜர் விடவில்லை. துன்பக் காலத்தில் உடன்பிறந்தானையே விட்டு வந்தவன் வேறு யாரைத்தான் விடமாட்டான் என்று கேட்கிறார். வாலியை வீழ்த்தி அரசு பெற்றவர் இதைச் சொல்வதை நாம் கவனிக்க வேண்டும். பெருமாள் இளையபெருமாளைப் பார்த்துப் புன்முறுவல் செய்து, உடன்பிறந்தார் எல்லாரும் பரதன் ஆகிவிடுவதில்லை என்கிறார். கைக்கு வந்த அரசை வேண்டாம் என்று தள்ளியவன் பரதன். விபீஷணன் பரதன் அல்லன், ஸுக்ரீவனும் அல்லன் என்பது பெருமாளுக்குத் தெரியும். பரதனாக இருப்பவனுக்கு மட்டுமே அபயம் என்றால் அந்தக் கடற்கரையில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? நண்பன் என்ற பாவனையோடு வந்தவனை, குற்றம் உடையவனாயினும், விடமாட்டேன் என்று உறுதி கூறுகிறார். தன் துணையைப் பிடித்த வேடனுக்கே உடலை உணவாக்கிய புறாவின் கதையைச் சொல்கிறார். இராவணனே வந்தாலும் அபயம் தந்தோம் என்று முடிக்கிறார். இந்தப் பகுதிக்கென்றே பெரியவாச்சான் பிள்ளையும் வேதாந்த தேசிகனும் தனித்தனியே அபயப்ரதான ஸாரம் அருளிச்செய்தார்கள் என்றால் இதன் ஆழத்தை நாம் உணரலாம்.

கேட்டது ஒன்று, பெற்றது ஒன்று

பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் ப்ரபத்திக்குத் தேசம், காலம், முறை, செய்பவர், பயன் ஆகியவற்றில் இன்னதுதான் என்ற கட்டுப்பாடு இல்லை என்று காட்டுகிறார். பயனில் கட்டுப்பாடு இல்லை என்பதற்கு ஒரு பட்டியல் தருகிறார். தருமபுத்திரன் முதலானோர்க்குப் பயன் அரசு, திரௌபதிக்கு ஆடை, காகத்துக்கும் காளியனுக்கும் உயிர், கஜேந்திராழ்வானுக்குக் கைங்கர்யம். விபீஷணாழ்வானின் பெயர் வரும்போது, அவன் முடிசூட்டப்பட்டவனாயிற்றே, அரசு என்றுதானே எழுத வேண்டும்? அப்படி எழுதவில்லை. இராமனை அடைந்ததே அவன் பயன் என்கிறார்.

வங்கியில் வாழ்நாளைக் கழித்த நமக்கு இந்தப் பதிவு வியப்பளிக்கிறது. விண்ணப்பத்தில் நோக்கம் 'அரசு' என்று ஹனுமான் எழுதுகிறான். பேரேட்டில் வரவு 'இராமன்' என்று ஆசாரியர் எழுதுகிறார். இரண்டும் உண்மை. பெருமாள் கேட்டதையும் மறுக்கவில்லை. கடல்நீர் கொண்டுவரச் செய்து, போர் தொடங்கும் முன்பே, இளையபெருமாளைக் கொண்டு முடிசூட்டுகிறார். ஆனால் அந்த முடிக்கு முன்பே விபீஷணன் திருவடியில் விழுந்து, தன் அரசும் உயிரும் இன்பமும் இனி அவரைச் சார்ந்தவை என்று ஒப்படைத்துவிட்டான். ஆசையை ஒழித்துவிட்டு வந்தவன் அல்லன் அவன்; ஆசையோடு வந்து அதையும் சேர்த்து ஒப்படைத்தவன். பின்னர்ப் பட்டாபிஷேகம் முடிந்து இலங்கைக்குத் திரும்புகையில் அவன் பெற்ற குலதனம் திருவரங்க விமானமே என்பது நம் பெரியோர் கொண்ட பொருள். அரங்கன் தென்திசை இலங்கையை நோக்கிக் கண்வளர்வதைத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் காட்டுகிறார். இலங்கைத் தீவின் களனியில் இன்றும் பௌத்தர்கள் விபீஷணனைக் காவல் தெய்வமாக வணங்குகிறார்கள். காட்டிக்கொடுத்தவன் என்று இங்கே சிலர் பழிக்கும் ஒருவனை, அவன் நாட்டவர் காவலன் என்கிறார்கள்.

காட்டிக்கொடுத்தல் என்னும் பழியையும் பார்ப்போம். காட்டிக்கொடுப்பவன் உள்ளே இருந்துகொண்டே வெளியே கை நீட்டுவான். விபீஷணன் அவையில், அண்ணன் முகத்துக்கு நேரே, பிராட்டியைத் திருப்பி அனுப்பு என்று பன்முறை சொன்னான். கேளாமல் அவமதித்தபோது எல்லாரும் காண எழுந்து போனான். இராவணன் மாண்டபின் அழுதவனும் அவனே.

முறிந்தவனும் கடன் தீர்த்தவனும்

தீமை என்பது ஆசையிலேயே இருக்கிறது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இரு தம்பியரும் அண்ணனும் நிற்கும் இந்தக் கதை அப்படிச் சொல்லவில்லை. இராவணனுக்கும் ஆசை, விபீஷணனுக்கும் ஆசை. இராவணன் தன் இயல்பைத் தானே சொல்லிக்கொள்கிறான்: முறிந்து போவதை ஏற்பான், எவரையும் வணங்குவதை ஏற்கான். முதல்நாள் போரில் முடியிழந்து, வில்லிழந்து நின்றவனைக் கொல்லாமல், இன்று போய் வா என்று பெருமாள் அனுப்பினார். அந்த இரவும் திரும்பிவர ஒரு வழிதான். அவன் வரவில்லை.

பி.காம். படித்த காலத்தில் ஆங்கிலப் பாடத்தில் ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகம் எங்களுக்கு இருந்தது. தன் வீட்டுக்கு விருந்தாக வந்த அரசனைக் கொன்று அரசேறும் படைத்தலைவன் அவன். செய்வது பாவம் என்று நன்றாக அறிந்தே செய்கிறான். இரத்தத்தில் இவ்வளவு தூரம் வந்தபின் திரும்புவதும் முன்னே போவதும் ஒரே வருத்தம்தான் என்று எண்ணி மேலும் கொல்கிறான். அவனுக்கும் இராவணனுக்கும் பொதுவானது ஆசை மட்டுமன்று. இனித் திரும்ப இயலாது என்ற துணிபும்தான். இராவணனுக்கோ திரும்புமிடம் திறந்தே இருந்தது.

கும்பகர்ணன் நிலை இவ்விருவருக்கும் வேறானது. அண்ணன் செய்தது தவறு என்று அவையில் சொல்கிறான். சொல்லிவிட்டு, உனக்காகப் போரிடுவேன் என்கிறான். கம்பநாட்டாழ்வார் இன்னும் ஒரு படி மேலே போய், போர்க்களத்தில் விபீஷணன் அவனிடம் சென்று அழைப்பதாகவும், நிலையில்லாத இவ்வாழ்வுக்காக, வளர்த்துப் போருக்கு அனுப்பியவனைக் கைவிட மாட்டேன் என்று அவன் மறுப்பதாகவும் பாடினார். தம்பியைச் சரியான இடத்தில் இருக்கிறாய் என்று வாழ்த்தியே அனுப்புகிறான். அவன் பெருமையை நாம் குறைக்க வேண்டியதில்லை. செஞ்சோற்றுக் கடன் என்பது எங்கள் கரிசல் நாட்டில் வெறும் சொல் அன்று. மழை பொய்த்த ஆண்டில் ஒருவர் தந்த கம்பும் சோளமும் மூன்று தலைமுறைக்கு நினைவில் நிற்கும் ஊர்கள் இவை.

ஆயினும் கணக்கை முழுதும் பார்க்க வேண்டும். கும்பகர்ணன் தன் உயிரைக் கொடுத்து அண்ணனின் கடனைத் தீர்த்தான். அசோகவனத்தில் இருந்த பிராட்டிக்கு அந்த நன்றியால் வந்தது என்ன? சிறை நீண்டது. ஒருவர்க்குச் செலுத்தும் நன்றிக்கடன் மூன்றாமவர் ஒருவர் தலையில் பற்றாக எழுதப்படுமானால், அதை நன்றி என்று மட்டும் அழைக்கலாமா?

அடியோம் கதை

மாணவரின் கேள்வி உறுத்தியதற்குக் காரணத்தை இங்கே சொல்ல வேண்டும். பட்டிமன்றங்களிலும் கோஷ்டியிலும் அடியோம் பல ஆண்டுகள் கும்பகர்ணனைப் புகழ்ந்து பேசியிருக்கிறோம்.

1980களின் பிற்பகுதியில், அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் வங்கிக் கிளை ஒன்றில் இரண்டாம் அதிகாரியாக இருந்தோம். மேலாளர் எங்களுக்கு மூத்த தமையனார் போன்றவர். தகப்பனார் பரமபதித்த ஆண்டில் சொந்த ஊருக்கு அருகே மாற்றல் வாங்கித் தந்தவர். முதன்முதலாக வ்யாக்யானத்தோடு திருப்பாவைப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தவரும் அவரே.

தொடர்ந்து மழை பொய்த்த காலம் அது. பயிர்க்கடன்கள் திரும்பவில்லை. விதிப்படி தவணையை நீட்டித்திருக்கலாம். ஆனால் கிளையின் வராக்கடன் கணக்கு வெளியே தெரிந்துவிடும். மேலாளர் மண்டல அலுவலகப் பதவியை எதிர்பார்த்திருந்தார். ஆகையால் விவசாயிகளிடம் படிவங்களில் கைநாட்டு வாங்கி, வட்டியும் முதலும் சேர்ந்த தொகைக்குப் புதுக் கடன் எழுதி, பழைய கடனைத் தீர்ந்ததாகக் காட்டினார். ஒரு ரூபாயையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஏடு சுத்தமாயிற்று. ஆனால் வட்டி முதலாகி, அந்த முதலுக்கு மறுபடி வட்டி ஏறிற்று. நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டியில் ஐந்தாயிரம் ரூபாய்க் கடன் மூன்றாண்டில் ஏழாயிரத்தைத் தாண்டும். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது கைநாட்டு வைத்தவர்க்குத் தெரியாது. இரண்டாவது கையொப்பம் அடியோமுடையது.

ஒருமுறை மட்டும் சொன்னோம். "என்னை நம்பு, நல்ல மழை பெய்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார். அதற்குமேல் பேசவில்லை. அவர் செய்த உதவிகளை நினைத்தோம். செஞ்சோற்றுக் கடன் என்று மனத்துக்குள் பெயர் வைத்தோம். பதவி உயர்வுக்குரிய ரகசியக் குறிப்பை எழுதுகிறவரும் அவர்தான் என்பதை அப்போது நினைக்காதது போலவே நினைத்திருந்தோம்.

அவர் உயர்ந்து சென்றார். அடுத்த ஆண்டில் அடியோமுக்கும் உயர்வு வந்தது. கிளையை விட்டு வரும் முன் ஒரு விவசாயி நோட்டீஸோடு வந்தார். "நான் வாங்குனது அஞ்சாயிரந்தான சார், இது எப்படி ஏழாயிரத்துக்கு மேல போச்சு? நீங்களும்ல கையெழுத்துப் போட்டிருக்கீக?" என்றார். விதிப்படி வட்டி என்று சொல்லி அனுப்பினோம். உழவு மாட்டை விற்றுக் கட்டினார் என்று பின்னர்க் கேள்விப்பட்டோம். அவரைத் தேடிப் போகவில்லை.

கும்பகர்ணனைப் புகழ்ந்து பேசியபோதெல்லாம் அடியோம் நம்மையே புகழ்ந்துகொண்டிருந்தோம் என்பது திருப்புல்லாணியிலிருந்து திரும்பும் வழியில்தான் விளங்கிற்று. அவன் கொடுத்தது தன் உயிரை. அடியோம் கொடுத்தது இன்னொருவரின் மாட்டை. விபீஷணனோ ஆசை கலந்திருந்தும் சரியான இடத்துக்குப் போனான். அடியோம் நன்றியைச் சொல்லிக்கொண்டு தவறான இடத்தில் நின்றோம். ஒரு செயலுக்கு நாம் வைக்கும் பெயரைக் கொண்டு அதை அளக்கலாகாது. அது யார் தலையில் போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

தோற்றவர் குரல்

இலங்கை அவையில் விபீஷணன் ஒருவன், கும்பகர்ணன் ஒருவன். மற்றவர் எத்தனை பேர்? சரி என்று தெரிந்தும் எழாமல், தவறு என்று தெரிந்தும் பேசாமல் அமர்ந்திருந்தவர்கள். அவர்களுக்கு இதிகாசத்தில் பெயர் இல்லை. ஆனால் திருமங்கையாழ்வார் அவர்களை விடவில்லை. பெரிய திருமொழி பத்தாம் பத்தின் இரண்டாம், மூன்றாம் பதிகங்களை (10-2, 10-3) வாசகர்கள் எடுத்துப் பார்க்க வேண்டும். வென்ற பெருமாளின் புகழை, போரில் தோற்று நிற்கும் அரக்கரின் வாய்மொழியாகவே ஆழ்வார் பாடுகிறார். எங்கள் தலைவன் கேளாமல் போனான், எங்களைக் கொல்லாதீர்கள் என்று வானர வீரரிடம் மன்றாடிக் குழமணிதூரம் ஆடுகிறார்கள். அவர்கள் 'நாங்கள்' என்றே பேசுகிறார்கள். வழிப்பறி செய்தும் அடியார்க்கு அமுது படைத்தவர் என்று குருபரம்பரை கூறும் ஆழ்வார்க்கு, கலப்படமான மனத்தின் குரல் நன்கு தெரிந்திருக்கும். அடியோமுக்கு உரிய பதிகம் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆயினும் சரணாகதியைச் சொல்லி அந்த விவசாயியின் கணக்கை முடித்துவிட முடியாது. அம்பரீஷனிடம் அபசாரப்பட்டு ஓடிவந்த துர்வாஸரை எம்பெருமான் தானே மன்னிக்கவில்லை. அம்பரீஷனிடமே போகச் சொன்னான். அடியார்க்கு இழைத்த பிழையை அவரே பொறுக்க வேண்டும் என்பது நம் ஸம்ப்ரதாயம் உறுதியாகக் கொண்டது. அந்தப் பெரியவர் எந்தக் கோயிலைத் தொழுதவர் என்று அடியோம் கேட்டதில்லை. அவரிடத்தில் அந்தர்யாமியாய் இருந்தவன் யார் என்பதும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஸ்ரீவசனபூஷணத்துக்கு வ்யாக்யானம் அருளிய மணவாள மாமுனிகள் (1370-1443) இளமையில் வளர்ந்தது இராமநாதபுரத்துச் சிக்கில் கிடாரத்தில். மழை பார்த்து வாழும் இந்த மண்ணின் மனிதர் கடனும் நன்றியும் அவர் அறியாதவை அல்ல. அவர் திருவடியை நினைத்துக்கொண்டு அந்த மாணவருக்கு அடியோம் சொன்ன விடை இவ்வளவே: விபீஷணன் ஆசையோடுதான் வந்தான். அது இருந்தும் வந்ததே அவன் ஏற்றம். ஆசை முழுதும் போகட்டும், பிறகு எழுந்து போகலாம் என்று காத்திருப்பவன் இராவணன் அவையிலேயே கிழவனாகிவிடுவான்.

அடுத்த சனிக்கிழமை கோஷ்டிக்கு அடியோம் வர இயலாது என்று சொல்லிவிட்டோம். அந்தச் சிற்றூருக்குப் பேருந்து அருப்புக்கோட்டையிலிருந்து இன்னும் போகிறது. அந்தப் பெரியவர் இருந்தால் அவரிடம், இல்லையேல் அவர் மக்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, தர வேண்டியதையும் தந்து வருவதாக எண்ணம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.